வள்ளத்து நம்பரும் கப்பல் காகிதமும்

உவரியில் வெளிநாட்டைப் பற்றிப் பேசாத வீடு கிடையாது. தாத்தா காலத்தில் அது கொழும்பு. அப்பா காலத்தில் வளைகுடா. என் வயதுப் பையன்களுக்குக் கப்பல் வேலை. கப்பல் வடிவத்திலேயே கட்டிய மாதா கோவில் எங்கள் கரையில் நிற்கிறது. அந்தோனியார் சுருபத்துக்கும் போர்ச்சுக்கீசியக் கப்பலுக்கும் தொடர்பு சொல்லும் கதையை ஊரில் எந்தப் பிள்ளையும் ஒப்பிக்கும். இவ்வளவு வெளிநாட்டுப் புழக்கம் உள்ள ஊரில்தான், நான் பி.காம். இன்டர்நேஷனல் பிசினஸ் படிக்கப் போகிறேன் என்றதும் எல்லோரும் கேட்டார்கள்: “அது என்ன படிப்பு மக்கா?”

அன்று என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. திசையன்விளையில் வணிகப் பிரிவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தேன். தூத்துக்குடியில் கப்பல் ஏஜென்சி ஒன்றில் வேலை பார்த்த பெரியம்மா மகன்தான் அப்பாவிடம் எடுத்துச் சொன்னார்: “சித்தப்பா, டீச்சர் படிப்பு, நர்ஸ் படிப்புன்னு எல்லாப் பிள்ளைகளும் போகுது. இது நம்ம தொழிலோட ஒட்டின படிப்பு. விடுங்க, படிக்கட்டும்.” அப்பாவுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் ‘நம்ம தொழில்’ என்ற சொல் அவரைச் சம்மதிக்க வைத்தது. எங்கள் கரையில் தொழில் என்றால் மீன்பிடிதான். 2009-இல் கோவையில் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன்.

முதலாண்டு மற்ற பி.காம். மாணவர்கள் படிப்பதேதான்: கணக்குப் பதிவியல், பொருளாதாரம், வணிகச் சட்டம். இரண்டாம் ஆண்டிலிருந்து பாதை பிரிந்தது. அந்நிய வணிகக் கொள்கை, ஏற்றுமதி நடைமுறையும் ஆவணங்களும், சரக்குப் போக்குவரத்து, அந்நியச் செலாவணி, சர்வதேச நிதி, உலக வர்த்தக அமைப்பின் விதிகள் என்று பாடங்கள் வந்தன. எஃப்.ஓ.பி. என்றால் சரக்கு கப்பலில் ஏறும்வரை விற்பவர் பொறுப்பு, சி.ஐ.எஃப். என்றால் காப்பீட்டுச் செலவும், போய்ச் சேரும் துறைமுகம்வரை கப்பல் கூலியும் விற்பவர் தலையில். இப்படி ஒவ்வொன்றையும் மனப்பாடம் செய்தோம். வகுப்பில் பாதிப் பேர் திருப்பூர், கரூர்ப் பிள்ளைகள். பனியன், திரைச்சீலை என்று அவர்கள் வீட்டிலேயே ஏற்றுமதி இருந்தது. கடற்கரையிலிருந்து வந்தவள் நான் ஒருத்திதான்.

இந்தப் படிப்பு எனக்கு உரியது என்று நான் உணர்ந்தது ‘றால்–ஆமை வழக்கு’ பாடம் நடந்த நாளில். கடலாமையைக் காக்கும் கருவி இல்லாத இழுவலைகளில் பிடித்த றாலை வாங்க மாட்டோம் என்று அமெரிக்கா 1989-இல் சட்டம் போட்டது. வலைக்குள் ஒரு கம்பித் தடுப்பும் ஆமை வெளியேற ஒரு வழியும் வைப்பதுதான் அந்தக் கருவி. அந்தத் தடையை எதிர்த்து இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளும் 1996-இல் உலக வர்த்தக அமைப்பிடம் முறையிட்டன. 1998 அக்டோபரில் மேல்முறையீட்டு அமைப்பின் தீர்ப்பு வந்தது. ஆமையைக் காக்க ஒரு நாடு விதி செய்யலாம். ஆனால் கரீபியன் பக்கத்து நாடுகளுக்கு அவகாசமும் தொழில்நுட்ப உதவியும் கொடுத்துவிட்டு, ஆசிய நாடுகளுக்கு அதே வாய்ப்பைக் கொடுக்காமல் தடை போட்டது பாரபட்சம் என்றது தீர்ப்பு. பேராசிரியை இதைச் சொல்லி முடித்ததும் எழுந்து நின்று சொன்னேன்: “மேடம், எங்க அப்பா வலையில ஆமை விழுந்தா, வலையை அறுத்துத்தான் விடுவாரு. ஆமைக்கு நேர்ற நட்டம் கடல்ல போறவனுக்கும் நட்டம்னு சொல்லுவாரு.” அவர் என்னைப் பாடம் நடத்தும் மேடைக்கு அழைத்து, கரையில் வலை எப்படி விடுகிறார்கள், இழுவலைக்கும் செவுள் வலைக்கும் என்ன வித்தியாசம் என்று வகுப்புக்கே சொல்ல வைத்தார். ஜெனீவாவில் நடந்த வழக்கும் எங்கள் வீட்டுத் திண்ணையில் நடக்கும் பேச்சும் ஒரே விஷயம் என்று அன்று கண்டுகொண்டேன்.

அதே சமயத்தில் ஊரில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. கணவாய் மீன் எடுக்கும் ஏஜென்ட் திடீரென்று வள்ளத்தின் பதிவு எண்ணைக் கேட்டு எழுத ஆரம்பித்தார். எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. வரி போடப் போகிறார்கள் என்று சிலர் பயந்தார்கள். டீசல் மானியத்தை நிறுத்தப் போகிறார்கள் என்று சிலர் சொன்னார்கள். விடுமுறைக்கு வந்த என்னிடம் அப்பா கேட்டார், “வள்ளத்து நம்பரை வச்சு இவன் என்னட்டி பண்ணப் போறான்?” நான் கல்லூரிக்குத் திரும்பியதும் பேராசிரியையிடம் கேட்டேன். 2010 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரும் கடல் மீனுக்குப் ‘பிடிப்புச் சான்றிதழ்’ கட்டாயம் ஆகியிருந்தது. சட்டவிரோதமாகவும் கணக்கில் வராமலும் பிடிக்கும் மீனைத் தடுக்க வந்த விதி அது. எந்தப் படகு பிடித்தது என்று காட்டாமல் ஸ்பெயினுக்கோ இத்தாலிக்கோ ஒரு பெட்டிக் கணவாய்கூடப் போக முடியாது. இந்தியாவில் அந்தச் சான்றிதழைக் கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட கடல் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம், அதாவது எம்பெடா, கையாள்கிறது.

ஊருக்கு வந்து அந்தோனியார் கோவில் வளாகத்தில் உட்கார்ந்திருந்தவர்களிடம் இதை விளக்கினேன். வரியும் இல்லை, மானியமும் போகாது. உங்கள் வள்ளத்து நம்பர் இல்லாமல் அந்தக் கம்பெனியால் ஐரோப்பாவுக்கு விற்க முடியாது, அவ்வளவுதான் என்றேன். கேட்டுக்கொண்டிருந்த ஒரு மாமா சட்டென்று சொன்னார்: “அப்போ நம்பருக்கு ஒரு மதிப்பு இருக்குன்னு சொல்லு.” எந்தப் பாடப் புத்தகமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. கரையில் நிற்பவன் கையிலும் ஒரு காகிதம் இருக்கிறது. அது வாங்குபவனுக்குத் தேவை. அது தேவை என்று விற்பவனுக்குத் தெரியாதவரை அதற்கு விலை கிடையாது.

எங்கள் கடலின் வரலாறு முழுக்க இந்தக் கதைதான். தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் இருந்த கொற்கையின் முத்தைப் பற்றி, முதல் நூற்றாண்டின் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிவைத்த பெரிப்ளஸ் நூல் பேசுகிறது. பிறகு முத்துக்காகவே போர்ச்சுக்கீசியர் வந்தார்கள், டச்சுக்காரர் வந்தார்கள், ஆங்கிலேயர் வந்தார்கள். மூச்சைப் பிடித்துக் கடலடியில் இறங்கியவர்கள் எங்கள் முன்னோர்கள். முத்துக்குச் சந்தையில் விலை வைத்தவர்கள் வேறு ஆட்கள். இந்தக் கடலின் கதையை ‘ஆழி சூழ் உலகு’, ‘கொற்கை’ என்ற நாவல்களாக எழுதிய ஜோ டி குருஸ் எங்கள் உவரியில் பிறந்தவர். கப்பல் தொழிலில் வேலை பார்த்தவர். ‘கொற்கை’க்கு 2013-இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. கடலையும் கப்பல் அலுவலகத்தையும் ஒருசேர அறிந்தவர் எங்கள் ஊர்க்காரர் என்பது, படிக்கிற காலத்தில் எனக்குப் பெரிய தெம்பு.

2011-இல் பயிற்சிக்காகத் தூத்துக்குடியில் ஒரு சுங்கத் தரகர் அலுவலகத்தில் சேர்ந்தேன். 1974-இல் பெருந்துறைமுகமான தூத்துக்குடித் துறைமுகத்துக்கு, நான் சேர்ந்த அந்த ஆண்டுதான் வ.உ.சிதம்பரனார் பெயர் சூட்டினார்கள். வ.உ.சி.யைத் தியாகியாக மட்டும் பள்ளியில் படித்திருந்தேன். அந்த அலுவலகத்தின் மூத்த கிளார்க் ஒருவர்தான் அவரை வணிகராகக் காட்டினார். 1906-இல் பத்து லட்ச ரூபாய் மூலதனத்தில், பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரித்து, சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியை வ.உ.சி. பதிவு செய்தார். முதலில் வாடகைக்குக் கப்பல் கொடுத்தவர்கள் நெருக்கடியால் பின்வாங்கினார்கள். உடனே சொந்தக் கப்பல் வாங்க இறங்கினார். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. எதிர்த்தரப்பு ஆங்கிலேயக் கம்பெனி தூத்துக்குடி–கொழும்புக் கட்டணத்தைத் தரைமட்டமாகக் குறைத்துப் பயணிகளை இழுத்தது. கட்டணத்தைத் தீர்மானிப்பவனே கடலை ஆள்கிறான் என்பது வ.உ.சி.க்குத் தெரிந்திருந்தது. சர்வதேச வணிகம் படிக்கிற தமிழ்ப் பிள்ளைக்கு இதைவிட நல்ல முதல் பாடம் கிடையாது.

அந்த அலுவலகத்தில் வேலை காலையில் கம்ப்யூட்டரில் ஷிப்பிங் பில் போடுவதில் தொடங்கும். சரக்கு எட்டு இலக்கக் குறியீட்டில் எந்த எண்ணில் வருகிறது, எத்தனை பெட்டி, நிகர எடை என்ன, என்ன விலை, எந்தத் துறைமுகம் என்று ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்ப வேண்டும். கணவாயும் றாலும் மைனஸ் 18 டிகிரிக் குளிரில் ரீஃபர் கண்டெய்னரில் வரும். சுங்க அதிகாரி ஏற்றுமதிக்கு அனுமதி கொடுத்ததும் பெட்டி துறைமுகத்துக்குள் போகும். அங்கிருந்து சின்னக் கப்பலில் கொழும்புக்குப் போய், பெரிய கப்பலுக்கு மாறி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகும். தாத்தா தோணியில் வேலை தேடிப் போன கொழும்புக்கே எங்கள் கடல் மீனும் போய்க் கப்பல் மாறுகிறது.

அங்கே நான் கற்ற பெரிய பாடம் வங்கியைப் பற்றியது. வெளிநாட்டு வணிகம் பெரும்பாலும் ஒருவரையொருவர் பார்த்தே இராத இரண்டு பேருக்கு இடையில் நடக்கிறது. சரக்கை அனுப்பிவிட்டுப் பணம் வராவிட்டால் என்ன செய்வது என்று விற்பவருக்குப் பயம். பணத்தைக் கொடுத்துவிட்டுச் சரக்கு வராவிட்டால் என்ன செய்வது என்று வாங்குபவருக்குப் பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் வங்கி எல்.சி. (லெட்டர் ஆஃப் கிரெடிட்) என்ற உறுதிமொழியோடு நிற்கிறது. யு.சி.பி. 600 என்ற விதித் தொகுப்பு 2007 முதல் உலகம் முழுக்க இதற்கு நடைமுறையில் இருக்கிறது. வங்கி ஆவணங்களை மட்டும் பார்க்கும், சரக்கைப் பார்க்காது என்பது அதன் அடிப்படை. ஆவணங்கள் கைக்கு வந்தபின் அதிகபட்சம் ஐந்து வங்கி வேலை நாட்களில் ஏற்பதா மறுப்பதா என்று வங்கி முடிவு செய்ய வேண்டும்.

ஒரு கம்பெனியின் சரக்கு ஸ்பெயினுக்குப் போயிருந்தது. முதல் தரமான கணவாய். ஒரு குறையும் இல்லை. எல்.சி.யில் குறித்த கடைசித் தேதிக்குப் பிறகு கப்பல் ஏறியதாக பில் ஆஃப் லேடிங் என்ற கப்பல் சீட்டு காட்டியது. வங்கி மறுத்துவிட்டது. வாங்குபவர் விலையைக் குறைத்துக் கேட்டார். கம்பெனியும் வேறு வழியில்லாமல் குறைத்தது. அடுத்த ஏலத்தில் எங்கள் பக்கத்துக் கரைகளில் கணவாய் விலை இறங்கியது. மார்க்கெட் சரியில்லை என்று சொன்னார்கள். கரையில் நின்றவர்கள் அதை நம்பினார்கள். ஒரு தேதி தவறியதற்கு, கச்சான் காற்றில் கடலுக்குப் போய் வந்தவனும் விலை கொடுத்தான்.

கடனும் அப்படித்தான் கீழே இறங்கி வருகிறது. ஏற்றுமதி ஆர்டரைக் காட்டினால் வங்கி ‘பேக்கிங் கிரெடிட்’ என்று குறைந்த வட்டியில் கடன் கொடுக்கும். கம்பெனி அந்தப் பணத்தில் ஏஜென்டுக்கு முன்பணம் கொடுக்கும். ஏஜென்ட் எஞ்சினுக்கும் வலைக்கும் என்று வள்ளக்காரனுக்கு முன்பணம் கொடுப்பார். அந்த முன்பணத்துக்குப் பலரிடம் வட்டி கேட்பதில்லை. பிடித்த மீனை வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. அவர் சொல்வதுதான் விலை. வங்கியில் வட்டியாகத் தொடங்கியது கரையில் விலைக்குறைவாக வந்து முடிகிறது. அப்பா வருஷக்கணக்காக அந்த முன்பணத்தில் கட்டுண்டு கிடந்தார். ‘வர்த்தக நிதி’ பாடத்தைப் படித்தபோது எங்கள் வீட்டுக் கணக்கையே படிப்பதுபோல எனக்கு நெஞ்சு கனத்தது.

படிப்பு முடிந்ததும் தூத்துக்குடியிலேயே ஆவண உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தேன். சம்பளம் சிறியது. கப்பல் புறப்படும் நாளில் வேலை இரவு வரை இழுக்கும். அந்தப் பகுதியில் பெண்கள் அப்போது குறைவு. சுங்கத் தேர்வு எழுதி ஜி கார்டு வாங்கியபின் துறைமுகத்தில் நானே நேரில் போய்ச் சரக்கை விடுவிக்கும் தகுதி வந்தது. பிறகு கடல் உணவு ஏற்றுமதிப் பிரிவுக்கு மாறினேன். ‘16/20’ என்றால் தலை நீக்கிய றால் ஒரு பவுண்டுக்கு 16 முதல் 20 வரை நிற்கும் என்பதிலிருந்து, டாலர் விலையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுக் கரை விலையைக் கண்டுபிடிப்பது வரை அங்கேதான் படித்தேன். வெளிநாட்டு விலையை அன்றைய டாலர் மதிப்பால் பெருக்கு. கப்பல் கூலி, பதப்படுத்தும் செலவு, சுத்தம் செய்யும்போது குறையும் எடை, ஐஸ், வண்டி வாடகை, கமிஷன் எல்லாவற்றையும் கழி. 2021 முதல் அரசு ஏற்றுமதியாளருக்குத் திருப்பித் தரும் வரிச் சலுகையைக் கூட்டு. மிஞ்சுவதுதான் கரையில் கொடுக்கக்கூடிய விலை. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி ஊரில் கொடுத்தேன். ஏலம் கூறும் இடத்தில் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பேரம் பேசியவர்கள் உண்டு.

2019-இல், ஆமைக் கருவி விதியைக் காட்டி, கடலில் பிடித்த இந்திய றாலை அமெரிக்கா நிறுத்தியது. வளர்ப்புக் குளத்து றாலுக்கு அந்தத் தடை இல்லை. 2009-இல் அனுமதி பெற்ற வன்னாமி றால்தான் அதற்குள் இந்திய ஏற்றுமதியின் முதுகெலும்பு ஆகியிருந்தது. “ஆமைக்காக வலையை அறுத்து விடுறவன் றாலுக்கு ஏம்ட்டி தடை?” என்று அப்பா கேட்டார். விதி நாட்டுக்கு என்று போடப்படுகிறது, வள்ளத்துக்கு என்று போடப்படுவதில்லை என்று சொன்னேன். அந்தப் பதில் சரியானது, ஆனால் அநியாயமானது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் மீது வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது வளர்ப்பு றாலுக்கும் அடி விழுந்தது. ஒரே சந்தையை நம்பியவர்கள் திணறினார்கள். மற்ற நாடுகளின் விதிகளைப் படித்து வைத்திருந்தவர்களுக்குத் திரும்ப ஒரு வாசல் இருந்தது.

இந்தப் படிப்பைப் படித்தால் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு, என்னோடு படித்தவர்கள் போன பாதைகளைச் சொல்கிறேன். ஒருவர் திருப்பூரில் வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசி ஆர்டரை முடிக்கும் மெர்ச்சண்டைசர். ஒருவர் வங்கியில் எல்.சி. ஆவணங்களைச் சரிபார்க்கிறார். ஒருத்தி சென்னையில் கார் உதிரிபாகம் இறக்குமதி செய்யும் பிரிவில் இருக்கிறாள். இருவர் சரக்கு அனுப்பும் கம்பெனிகளில் இருக்கிறார்கள். ஒருவர் எஸ்.எஸ்.சி. தேர்வு எழுதிச் சுங்கத்துறைக்குப் போனார். குடிமைப் பணித் தேர்வில் இந்திய வர்த்தகப் பணி என்று தனியாகவே ஒரு பணி இருக்கிறது. மேலே படிக்க நினைத்தால் டெல்லியில் 1963-இல் தொடங்கிய இந்திய அந்நிய வணிக நிறுவனம் இருக்கிறது. தூரம் போக விருப்பமில்லை என்றாலும் வழி உண்டு. வியட்நாமின் வின்ஃபாஸ்ட் 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் மின்சாரக் கார் ஆலையைத் திறந்துவிட்டது. அங்கே உதிரிபாகம் வருவதும் கார் போவதும் இதே காகிதங்களில்தான்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பட்டத்தின் பெயரைப் பார்த்து யாரும் வேலை கொடுப்பதில்லை. கணக்கு சுத்தமாக வர வேண்டும். ஆங்கிலத்தில் பிழையில்லாமல் ஒரு கடிதம் எழுத வேண்டும். எக்செல் கைவர வேண்டும். இரண்டாம் ஆண்டு விடுமுறையிலேயே ஒரு துறைமுக அலுவலகத்திலோ ஏற்றுமதிக் கம்பெனியிலோ போய் உட்கார வேண்டும். பெரிய கல்லூரியில் இடம் கிடைக்கவில்லையா? பாளையங்கோட்டையிலோ தூத்துக்குடியிலோ சாதாரண பி.காம். படித்துவிட்டு இவற்றைச் செய்த பிள்ளைகள் என்னைவிட வேகமாக முன்னேறியதைப் பார்த்திருக்கிறேன்.

அப்பாவைக் கட்டிப்போட்ட அதே முன்பணக் கட்டைக் கன்னியாகுமரி மாவட்டக் கரைகளில் மீனவர் சங்கங்கள் அவிழ்த்திருக்கின்றன. சங்கமே ஏலம் விடும்; பிடித்த மீனின் மதிப்பில் ஒரு பங்கைக் கடனுக்குக் கழிக்கும்; ஒரு பங்கைச் சேமிப்பில் போடும். திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு இதை நடத்திக் காட்டியது. அதற்கு அடுத்த படி ஏற்றுமதி. அதற்குப் படித்த பிள்ளைகள் கரையிலேயே வேண்டும்.

உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை, மணப்பாடு என்று இந்தக் கரை நெடுகப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு என் வேண்டுகோள் இது: வீட்டுக்கு ஒருவர் கடலுக்குப் போகிறார் என்றால், ஊருக்கு நாலு பேராவது இந்தக் காகிதங்களைப் படிக்கப் போகட்டும். ஏற்றுமதி–இறக்குமதிக் குறியீட்டு எண் வாங்க பான் எண்ணும் வங்கிக் கணக்கும் முகவரிச் சான்றும் வேண்டும். கட்டணம் 500 ரூபாய். அதைச் சங்கத்தின் பெயரிலேயே வாங்கலாம். எம்பெடா பதிவும், அங்கீகரிக்கப்பட்ட பதப்படுத்தும் ஆலை ஒன்றோடு ஒப்பந்தமும் அடுத்து வேண்டும். வேலை கடினம்தான், ஆனால் நம் பிள்ளைகளால் முடியாதது இதில் ஒன்றும் இல்லை.